உதவும் என்ற சொல்

என் தங்கை பியேதாத், தலைநகரான கீட்டோவில் உணவுப் பொருள்களின் லேபிள்களைச் சரிபார்க்கும் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எங்கள் ஊரான அம்பாத்தோவில் கால்சட்டை தைக்கிறேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படி ஏறியவள் அவள் ஒருத்திதான். தையலில் எனக்கு இருக்கும் கண் அவளுக்கு எழுத்தில் இருக்கிறது. ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டாள்.

புட்டியில் விற்கும் இலைப்பொடி, சத்து மாத்திரை எதுவும் நோயைக் "குணமாக்கும்" என்று சொல்லக்கூடாது. எழுதியிருந்தால் அந்தச் சொல்லை அடித்துவிடுவாள். "உதவும்" என்ற அளவோடு நின்றால் பதிவு எண் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் உப்புப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிப்பாள்.

"என்னடி முறைக்கிற? என் லோக்ரோ சூப்புக்கு நம்பர் இல்ல. அடிச்சுடுவியா?" என்பாள் அம்மா.

"பசிக்கு உதவும்னு எழுதி ஒட்டும்மா, விட்டுடறேன்."

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். தனியாக இருந்தாள், இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்வாள். பஸ்ஸில் ஏறிப் புட்டி விற்பவர்களிடம் தங்கையின் பாடத்தை ஒப்பிப்பாள்: "குணமாக்கும்னு போட்டிருக்கியா? அப்ப நீ புளுகன். என் பொண்ணு கையில மாட்டினாத் தெரியும்!" பஸ்ஸே சிரிக்கும்.

போன மழைக்காலத்தில் அம்மா மயங்கி விழுந்தாள். ஊசியை நிறுத்தி வெகு நாளாகியிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். நான் நம்பவில்லை. அவள் வீட்டுக்கு ஓடிப் பார்த்தால், ஃபிரிட்ஜில் இன்சுலின் பெட்டிகள் பிரிக்காமலே இருந்தன. பக்கத்தில் கொய்யா இலை மாத்திரைப் புட்டி, பாதி காலி. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். தங்கையும் கீட்டோவிலிருந்து வந்துவிட்டாள்.

அம்மா கண் திறந்தபோது புட்டி தங்கையின் கையில் இருந்தது.

"திட்டாதடி. நீ சொன்ன மாதிரி முழுசாப் படிச்சுத்தான் வாங்கினேன். குணமாக்கும்னு பீத்திக்கல. சர்க்கரையைச் சீரா வைக்க உதவும்னு அடக்கமாப் போட்டிருக்கான். உங்க ஆபீஸ் நம்பரும் இருக்கு. யோக்கியன்."

"ஊசிய ஏம்மா நிறுத்தின?"

"அதான் இது உதவுதே."

அன்றிரவே அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பினோம். கோப்பைகளைக் கழுவும்போதுதான் தங்கை வாய் திறந்தாள்.

"அக்கா, அந்தப் புட்டியோட லேபிள் என் மேசைக்குத்தான் வந்துச்சு. குணமாக்கும்னு இருந்துச்சு. அடிச்சுட்டு உதவும்னு போட வச்சது நான்தான். அப்படியே விட்டிருந்தா அம்மா அதைத் தொட்டிருக்கவே மாட்டா."

"நீ உன் வேலையச் சரியாத்தானேடி செஞ்ச?"

"சரியாத்தான்கா செஞ்சேன்" என்று உடைந்து அழுதாள்.

இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள் என்ற வரியையும் லேபிளில் சேர்க்கச் சொல்லி மேலதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இதுவரை சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது என் வீட்டுக்கு வருகிறாள். அம்மாவின் பக்குவத்தில் லோக்ரோ வைத்துக் கொடுக்கிறேன். தலை நிமிராமல் சாப்பிடுகிறாள். அதற்கு நம்பர் உண்டா என்று கேலி செய்ய இரண்டு பேருக்கும் வாய் வருவதில்லை.