மறதிக்கார சேர்

எங்கள் சேருக்கு ஞாபகம் போய்விட்டது என்றுதான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். கேகாலையில் ஏதோ ஆசிரியர் பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர், அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து பாடம் தொடங்கியதே இல்லை. "புத்தகத்த மூடுங்க. முந்தாநாள் நான் என்ன படிச்சிக் குடுத்தேன்?" என்பார். தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடம். தகரக் கூரையில் மழை அடித்தால் அவர் குரலும் கரைந்துவிடும். படிப்பித்தவருக்கே தெரியாதது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரப்பர்ப்பால் வெட்டுகிறவள். விடிந்ததும் விடியாததுமாய் மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிவதை வாளியில் சேர்ப்பவள். பாலை நிறுக்கும் தராசை நம்பமாட்டாள், வேலை வாங்கும் கங்காணி சிரித்தால் இன்னும் நம்பமாட்டாள்.

கொழும்பில் வீட்டு வேலை செய்யும் சித்தி அன்று வந்திருந்தாள்.

"பாத்தியாக்கா? அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது. புள்ளைங்ககிட்ட கேட்டுக் கேட்டே காலத்த ஓட்டுறாரு. இவள என்னோட அனுப்பு. எங்க வீட்டுக்கார நோனாம்மா வீட்டுல எடுபிடிக்கு ஒரு புள்ள கேக்குறாங்க."

அம்மா என்னையே பார்த்தாள். "தீவாளி வரைக்கும் பாப்போம். இவ மண்டையில ஒண்ணும் ஏறலேன்னா கூட்டிக்கிட்டுப் போ."

அன்றிலிருந்து அந்தியானால் விசாரணை. அடுப்பு ஊதிக்கொண்டே, "இன்னைக்கி என்னத்தப் படிச்ச? புத்தகத்தப் பாக்காம சொல்லு" என்பாள். மழை எப்படி உண்டாகிறது என்று சொல்வேன். மறுநாளும் அதையே கேட்பாள், வாக்குமூலம் மாறுகிறதா என்று பார்க்கும் பொலிஸ்காரர் போல.

அதிலும் மனம் ஆறாமல், பள்ளிக்கூட வாசலை மிதித்தேயிராதவள், ஒரு மத்தியானம் பால் நாற்றத்தோடு வந்து நின்றாள்.

"சேர் கோவிச்சிக்காதீங்க. நீங்க சொல்லிக் குடுத்தத நீங்களே புள்ளைங்ககிட்ட கேக்குறீங்களாமே?"

"நான் மறந்துட்டேன்னு நெனைச்சீங்களா?"

"நான் நெனைக்கலீங்க. இவதான் சொன்னா."

காட்டிக்கொடுத்துவிட்டாள்! சேர் சிரித்தார். மூளைக்குள் போட்டதைப் போட்டபடி விட்டால் அப்படியே புதைந்துபோகும் என்றார். மறக்கப் போகிற நேரத்தில் பிள்ளையே தேடி வெளியே எடுத்தால்தான் நிற்கும் என்றார்.

"வீட்டுலயும் கேளுங்க. ஆனா தெனமும் வேணாம். கொஞ்சம் எடவெளி விட்டு…"

"பால் வெட்டு மாதிரியா?" என்றாள் அம்மா சட்டென்று. "தெனம் வெட்டுனா மரம் காஞ்சிரும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவோம்."

"அதே மாதிரிதான்" என்றார் சேர்.

படியிறங்கும்போது என் காதோரம் குனிந்து, "நல்லாத்தான் பேசுறாரு. அதான் நம்ப முடியல" என்றாள்.

தீபாவளிக்குச் சித்தி வந்தாள், என் துணிமணியை அடுக்க ஒரு பையோடு. அம்மா என்னை முன்னால் நிறுத்தி மழையைச் சொல்லச் சொன்னாள். பையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கடல், வெயில், ஆவி, முகில், மழை.

"ஆவி குளிரணும்டி" என்றாள் அம்மா, எண்ணெயில் பலகாரத்தைத் திருப்பிப் போட்டபடி. "குளிராம எப்புடி முகிலாகும்?"

சித்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கொழும்புக்குத் திரும்ப அவிசாவளை பஸ்ஸில் தனியாகத்தான் ஏறினாள்.

பிறகு சேர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த டீச்சர் புத்தகத்தைப் பார்த்தே படிப்பித்தார். சந்தேகப்பட ஆளில்லை. ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள், விரல்களில் காய்ந்த ரப்பர்ப்பாலை உரித்துக்கொண்டே, "என்னத்தப் படிச்ச, சொல்லு" என்று அம்மா பக்கத்தில் வந்து உட்காருவாள். இவளுக்கு என்மேல் இன்னுமா நம்பிக்கை வரவில்லை என்று மனதுக்குள் கறுவியபடி, நான் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.