இடுப்பு வலிக்கு மருந்து

எங்கள் வீட்டில் அதற்கு மருந்து என்றுதான் பெயர். முதல் நாளுக்குப் பிறகு பீர் என்று யாரும் சொன்னதில்லை.

தங்கை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த கோடையில் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மேலுதடு வேர்த்துக் கொட்டியது. ஸ்கேனில் சிறுநீரகத்தில் நான்கு மில்லிமீட்டர் கல். நாளொன்றுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தால் தானாக வெளியேறும் என்றார் டாக்டர். ஆனால் எங்கள் பாகூரில் கல்லுக்கு வேறு வைத்தியம் உண்டு.

"ஒரு வாரம் பீர் குடு, கல்லு கரைஞ்சி ஓடிடும். எங்க வூட்டுக்காரருக்கு அப்படித்தான் போச்சி" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

எங்கள் வீட்டில் குடிப்பவர் யாரும் இல்லை. வாங்குவது சிரமமில்லை, திருபுவனையில் வேலை முடிந்து அப்பா திரும்பும் வழியெல்லாம் மதுக்கடைதான். ஆனாலும் பெண்பிள்ளை என்று அம்மா தயங்கி, என்னிடம் கேட்டார். நான் அப்போது மருத்துவ ஆய்வகப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு.

"நீதான் படிக்கிறியே, சொல்லு. பீர் குடிச்சா ஒண்ணுக்கு நல்லா போவுமா?"

"போவும்மா."

அது சரியான விடை. தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். கல் கரையுமா என்று அம்மா கேட்கவில்லை. கரையாது என்று நானும் சொல்லவில்லை. பதினைந்து வயதில் கொடுக்கலாமா என்று கேட்கவில்லை. கூடாது என்று நானும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு ரெக்கார்டு நோட்டில் படம் வரையப் போனேன்.

அம்மா அதை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, நுரை அடங்கும்வரை காபிபோல ஆற்றிக் கொடுத்தார். தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். "வேப்பங்கொழுந்தே தேவலாம்மா" என்றாள். ஐந்தாம் நாள் அவள் மூக்கைப் பிடிக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

இரண்டாம் வாரம் கல் வெளியேறியது. பெயர் பீருக்குப் போனது.

பள்ளி திறந்தபின் வலி திரும்ப வந்தது. அம்மா டம்ளரை எடுத்தார். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைக்கத் தொடங்கினேன். வலி சனிக்கிழமைகளில் மட்டும் வருகிறது. வாந்தியில்லை, வேர்ப்பதில்லை. சிறுநீரில் ரத்தமில்லை, கல்லூரி ஆய்வகத்தில் நானே பார்த்தேன். பள்ளிக்குக் கொண்டுபோகும் ஸ்டீல் பாட்டிலை அவளே கழுவிவிடுகிறாள். வேறு எந்தப் பாத்திரத்தையும் அவள் தொட்டதில்லை.

"இன்னாடி, உன் கல்லுக்கு மத்த நாள்லாம் லீவா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உனக்கு வந்தாத்தான் தெரியும். அம்மாவே குடுக்குது, உனக்கு இன்னா?"

அம்மாவிடம் சொல்ல இன்னும் ஓர் ஆதாரம் வேண்டும் என்று காத்திருந்தேன். சந்தேகம் உள்ள ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

அரையாண்டுத் தேர்வின் கடைசி நாள், மதியம், அவள் தோழி போன் செய்தாள்.

"க்கா, அவ ஏரிக்கரையில தூங்குறா. எழுப்புனா எந்திரிக்க மாட்றா. வூட்ல சொல்லிடாதீங்க."

ஸ்கூட்டியில் போனேன். மழை முடிந்து ஏரி விளிம்புவரை நிறைந்து கிடந்தது. மதகுக்குப் பக்கத்தில் சீருடையோடு தங்கை மல்லாந்து கிடந்தாள். தோழிகள் இருவர் அவளுக்குத் துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவள் கடைவாயிலிருந்து வெள்ளையாக எதுவோ வழிந்திருந்தது.

"இது இன்னாது?"

"மோர்க்கா. தெளியட்டும்னு ஊத்துனோம். மூணு பாக்கெட்டு."

"முழிச்சிக்கிட்டா இருந்தா?"

"இல்லக்கா. நாங்கதான் வாயத் தொறந்து..."

ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். வாயைத் துடைத்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். நகங்களைப் பார்த்தேன், நீலம். ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன், எட்டு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம் கேட்டது.

"எவ்ளோ குடிச்சா?"

"பாட்டில்ல பீர் கொஞ்சந்தான் கொண்டாந்தா. அப்புறம் எங்க மாமா வச்சிருந்த பிராந்தி. நாங்க பயந்துட்டு வாணாம்னுட்டோம். அவதான், எனக்குப் பழக்கம், ஒண்ணும் ஆவாதுன்னா."

மோர் நுரையீரலுக்குள் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் குழாய் வழியாகத்தான் மூச்சு. எத்தனை நாளாகக் குடிக்கிறாள் என்று டாக்டர் கேட்டபோது அம்மா நிமிர்ந்து பதில் சொன்னார்.

"குடிக்கிற பொண்ணு இல்ல சார். கல்லுக்கு மருந்தா குடுத்ததுதான்."

"யார் சொன்னா?"

பக்கத்து வீட்டு அத்தை என்று அம்மா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"நான்தான் சார்" என்றேன்.

பிழைத்துவிட்டாள். இன்றும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள். சனிக்கிழமைகளில் அம்மா அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார். நானோ பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

போன மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"க்கா, வலிக்குது."

எதுவும் கேட்காமல் வில்லியனூரில் ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனேன். மூத்திரப்பை நிரம்பினால்தான் கல் தெரியும்; ஒரு லிட்டர் குடித்துவிட்டு உட்காருங்கள் என்றார்கள். அதே ஸ்டீல் பாட்டிலைத்தான் கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு மிடறாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி, மூடி திறந்தபடியே பாட்டிலை என் முன் நீட்டினாள்.

"மோந்து பாத்துக்க."

வேண்டாம், குடி என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கி முகர்ந்தேன்.

தண்ணீர்.

திருப்பி நீட்டியபோது அவள் வாங்கவில்லை. இரண்டு கையாலும் இடுப்பை அழுத்திக்கொண்டு குனிந்திருந்தாள். மேலுதடு வேர்த்திருந்தது.