சின்ன மாமா அக்கரை சேர்ந்த விதங்கள்

எட்டு வயதில் தமிழ் பேசுவதற்கு நான் வேறு ஆளாக மாற வேண்டியிருந்தது. அம்மா தமிழில் கேட்பார், நான் பிரெஞ்சில் பதில் சொல்வேன். சார்செல் என்ற புறநகரில் எங்கள் அடுக்குமாடியில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். இதற்கு மருந்தாக, சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு ரயிலில் கூட்டிப்போய், ரூ காய் தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னாலிருந்த தமிழ் வகுப்பில் விட்டார்கள். அங்கே புதிதாக வந்த ரீச்சர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதிரைகளை வரிசையாக இழுத்துப் போட்டார். இது மீன்கடை, நீ கடைக்காரி, அவன் விலை குறைக்கக் கேட்டு வந்தவன், நடியுங்கோ என்றார். நானாக நின்றால் வராத தமிழ் மீன்காரியாக நின்றதும் வந்து கொட்டியது. அந்தப் பையனை நான் கடையை விட்டே துரத்திவிட்டேன்.

ரீச்சர் எதையும் பாடமாக்க விடமாட்டார். போன கிழமை நடித்ததை அப்படியே திருப்பி நடித்தால் நிறுத்திவிடுவார். "கதை உங்கட கையில இருக்கு, பிள்ளையள். பிடிக்காட்டி மாத்துங்கோ" என்பார். மாற்றுவதில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை என்று நினைத்திருந்தேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வருடம்தான், சண்டை முடிந்தபின் ஊரிலிருந்து தப்பி வந்த அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டு சோபாவில் படுக்கத் தொடங்கினார். முதல் விசாரணையில் வாயே திறக்காததால் அவருடைய அகதி விண்ணப்பத்தை மறுத்திருந்தார்கள். இனி நீதிபதிக்கு முன்னால் ஒரே ஒரு விசாரணை. நம்பினால் இங்கே இருக்கவிடும் அட்டை, அந்த கார்த், கிடைக்கும், நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குக்கூடத் தெரியும். "சொல்லிப் பழகு, மச்சான்" என்று சொல்லிவிட்டு அப்பா ரெஸ்டோரண்ட் வேலைக்குப் போய்விடுவார். பழக்குவதற்கு நான் இருந்தேன்.

அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நீதிபதியும் நான்தான், மொழிபெயர்ப்பாளரும் நான்தான். பிரெஞ்சில் அதட்டுவேன், பிறகு அதையே தமிழில் மரியாதையாகக் கேட்பேன். மாமா முதலில் சிரித்தார், பிறகு பேசினார். கதை கடல்நீரேரிக்கு வரும்வரை எல்லாம் ஒரே மாதிரித்தான் சொன்னார். சண்டையின் கடைசி நாளில் அவர் அதைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்திருக்கிறார். கூடவே அவருடைய தம்பி, என் சின்ன மாமா, காலில் காயத்தோடு. சின்ன மாமாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சனத்துக்குள் தொலைந்துவிட்டான் என்று மாமா வந்த அன்றே சொல்லியிருந்தார். ஏதாவது முகாமில் இருப்பான் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கதையில் மாமா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனார். அடுத்த நாள் ஒரு டயர் கிடைத்தது, அதில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார். இன்னொரு நாள் தம்பி முந்திக்கொண்டு கரையேறி அங்கே நின்று கையைக் காட்டினான். நான் அசந்துபோனேன். ரீச்சரிடம் படிக்காமலே இப்படி மாற்றத் தெரிகிறதே என்று எழுந்து நின்று கைதட்டினேன். மாமாவை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கோட் போடாத நேரத்திலும் அவரோடு தமிழிலேயே கதைக்கத் தொடங்கியிருந்தேன்.

வேலையில்லாத ஒரு திங்கட்கிழமை அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டார்.

"இப்பத்தான் தோளில தூக்கினாய், அதுக்குள்ள டயரோ? அங்கை போய் இப்பிடி மாத்தினியெண்டால் கார்த் இல்லை, பிளேன்தான்."

மாற்றத்தான் வேண்டும், ரீச்சரே சொன்னவ என்று நான் மாமாவுக்காக வாதாடினேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா குசினியிலிருந்து, "விடுங்கோப்பா, பிள்ளையோட விளையாடுறான்" என்றார். மாமா அக்கரை சேரும் நேரங்களில் அம்மா குழாயை மூடிவிட்டுக் கேட்பது வழக்கம். மாமாவிடம் ஒன்றும் விசாரிக்கமாட்டார்.

விசாரணைக்கு அப்பாவும் கூடப்போய்ப் பின்வரிசையில் இருந்தார். பின்னேரம் திரும்பி வந்து, "வடிவாச் சொன்னவன், கார்த் கிடைக்கும்" என்றார். அந்தச் சந்தோஷம் முகத்தில் இல்லை. அம்மாவைப் பார்க்காமல் சப்பாத்தைக் கழற்றினார். எனக்கு அதெல்லாம் முக்கியமில்லை.

"எதைச் சொன்னீங்கள் மாமா, தோளோ, டயரோ?"

"ரெண்டும் இல்லை, பிள்ளை. தம்பியால நடக்க ஏலாமல் போச்சு. அவனைக் கரையில இருத்திப்போட்டு நான் மட்டும் வந்தன்."

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. இவ்வளவு நாள் பழகி, கடைசியில் இதுவா என்றிருந்தது.

"அது நல்லாயில்லை. தோளில தூக்கினதுதான் நல்லம்."

"ஓம் பிள்ளை. எனக்கும் அதுதான் விருப்பம்."

குசினி வாசலில் நின்ற அம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் ஒரு ஆள் சேர்ந்துவிட்டதில் எனக்கு உற்சாகம் பொங்கியது.

"பாத்தீங்களோ மாமா," என்றேன், "அம்மாவுக்கும் பிடிக்கேல்லை."