றம்ஸியாவின் வெள்ளை இழை

அன்ஸார் ஊசியைக் கையில் எடுத்தால் இரத்தம் குடிக்கும் நுளம்புகள் நாலைந்து வந்து அவன் தோளில் குந்தியிருந்து தொழில் பழகிக்கொண்டு போகும். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். நாலைந்து இல்லை, ஒன்றுதான் வந்தது, அதையும் அவனே அடித்துப்போட்டான். ஆனால் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அவன் இரத்தம் எடுத்த காலத்தில், பிள்ளைகள் அழ வாயைத் திறக்கும்போதே அவன் பஞ்சை வைத்து அமத்தி முடித்திருப்பான். அதில் கலப்படம் இல்லை.

கிண்ணியா மீன் வியாபாரியின் மகன் அவன். அவனுடைய மூத்த சகோதரி, ராத்தா ஜெஸீமாவுக்கு முதல் இரண்டும் ஆண் பிள்ளைகள். இரண்டும் பள்ளிக்கூடம் போகுமுன்பே வெளிறி வெளிறிச் செத்துப்போயின. உடம்பில் நல்ல இரத்தம் ஊறாத பரம்பரை நோய். மூன்றாவது பிள்ளை றம்ஸியாவுக்கும் அதுவே. வயிறு வீங்க, கன்ன எலும்பு துருத்த, அந்தச் சிறுமி படகேறிக் கடல் கடந்து வந்து பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டு போவாள்.

எண்பத்தொன்றில் கொழும்பு ஆய்வுகூடமொன்றிலிருந்து டொக்டர் கமலாதேவி வந்தார். இந்த நோயுள்ள குடும்பங்களின் இரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுப்பது அவர் வேலை. தாய், தகப்பன், பிள்ளை மூவரின் இரத்தமும் வேண்டும். பிள்ளையினது, பிறர் இரத்தம் ஏற்றுமுன் எடுத்ததாக இருக்கவேண்டும்.

"றம்ஸியாவுக்கு இதால சுகம் வராது," என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். "பிழை எங்க கிடக்கெண்டு கண்டால், பிறகு பிறக்கிற பிள்ளையளுக்கு உதவும்."

ஜெஸீமா தயங்கினாள். அன்ஸார்தான் கெஞ்சினான். "ஒருக்கா மட்டும் ராத்தா. திரும்பக் கேக்கமாட்டன்."

எடுத்தான். குழாய்களுக்கும் ஐஸுக்கும் இடையில் தடித்த துணி வைக்கும்படி டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்ஸாருக்கு அது போதாதென்று பட்டது. சொந்த மருமகளின் இரத்தமல்லவா? வாப்பா பாரை மீன் கட்டுவதுபோல், நொறுக்கிய ஐஸில் உப்பை அள்ளிப் போட்டு, அதற்குள் குழாய்களைப் புதைத்து ரயிலேற்றினான். உப்பிட்ட ஐஸ் இரத்தத்தையே உறையவைத்துவிட்டது. கொழும்பில் திறந்தபோது கண்ணாடி வெடித்து, மூவரின் இரத்தமும் பெட்டிக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தது.

டொக்டர் மறுபடி வந்தார்.

"உப்புப் போட்டனீங்களா?"

"ஓம் டொக்டர். வாப்பா அப்படித்தான். மீன் அழுகாமக் கிடக்கும்."

"அன்ஸார், நான் மீன் கேக்கேல்ல."

இம்முறை மருந்துகளை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார், டி.என்.ஏ.யை அங்கேயே பிரித்துவிட. தாய் தகப்பனிடம் மறுபடி எடுப்பது பெரிய காரியமில்லை. றம்ஸியாவோ அன்று வந்தபோது தாயின் தோளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஏற்றுவதற்கான இரத்தப் போத்தல் கட்டிலருகே தயாராய்த் தொங்கியது. கேட்பதென்றால் இப்போதே கேட்கவேண்டும்.

"ராத்தா..."

"ஒருக்கா எண்டாய்."

"ஓம்."

"எடுத்தது எங்க?"

"உடைஞ்சு போச்சு. டொக்டர் சொன்னபடி நான் கட்டயில்ல. என்ட பிழை."

"இரத்தமில்லாத பிள்ளையிட்ட ரெண்டாம் தரம் இரத்தம் கேக்கிறாய். அடுத்தவன்ட பிள்ளையெண்டா டொக்டர் சொன்னபடி கட்டியிருப்பாய், என்ன?"

"விருப்பமில்லாட்டி விடுங்கோ, இரத்தத்தை ஏத்துவம்," என்றார் டொக்டர். ஜெஸீமா பிள்ளையைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள். பிறகு அந்தச் சின்னக் கையை அவளே நீட்டிப் பிடித்தாள்.

"எடு. இதையும் உடைச்சியெண்டா உன்ட கையை முறிப்பன்."

"மாமா, நோகுமா?"

"நோகாது மகள்."

நொந்தது. அன்ஸாரின் ஊசி நரம்பைத் தவறவிட்டது அன்றைக்குத்தான். இரண்டாம் குத்தில் வந்த இரத்தம் சாயம் குறைந்த தேத்தண்ணிபோல் இருந்தது. உடனே போத்தலைத் திறந்துவிட்டார்கள்.

டொக்டர் வேலையைத் தொடங்கினார். சிவப்பணுவில் டி.என்.ஏ. இல்லை. அதை உடைத்துக் கழுவி, குழாயைச் சுழலவிட்டு, அடியில் படிந்த வெள்ளையணுவை எடுத்தார். அதைச் சவர்க்காரம் போன்ற ஒரு திரவத்தில் கரைத்தார். கையில் பட்டால் தோலைச் சுடும் பீனோல் ஊற்றிக் கலக்கி, கழிவு நீங்கி மேலே தெளிந்த நீரை மட்டும் உறிஞ்சினார். அதன்மேல் குளிர்ந்த மதுசாரத்தை மெல்ல வழியவிட்டார். இரண்டும் சந்தித்த இடத்தில், இல்லாத இடத்திலிருந்து வருவதுபோல், வெள்ளை இழையொன்று மிதந்தது. கண்ணாடிக் குச்சியில் அந்த டி.என்.ஏ.யைச் சுற்றி எடுத்தார்.

கொழும்புக்கு அனுப்புமுன் அன்ஸார் அதைப் பிள்ளை கிடந்த வாட்டுக்குக் கொண்டுபோய்ச் சகோதரிக்குக் காட்டினான். "பார் ராத்தா, இந்த முறை உடையயில்ல. இது றம்ஸியா."

அந்தக் கிழமை கழியுமுன் றம்ஸியாவும் தமையன்மார் போன வழியே மௌத்தானாள். அதற்குப் பிறகும் அன்ஸார் ஊசி பிடித்தான், சம்பளம் வாங்கினான், இரத்தமெடுக்க வீட்டார் எவருடைய கையையும் தொடவில்லை. இழையைப் பார்த்த ஜெஸீமா "சுப்ஹானல்லாஹ்" என்று இறைவனைத் துதித்துத் தம்பியை மன்னித்தாள் என்பதுதான் ஊரில் உள்ள கதை. இங்கும் அப்படியே முடித்திருக்கலாம். ஆனால் நான் இதை எழுதி வாசிக்கக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்த ஜெஸீமா விடவில்லை.

"நான் அப்படிச் சொல்லயில்ல. 'எடுத்ததைத் திரும்பப் பிள்ளைக்கே ஏத்தி விடு' எண்டுதான் சொன்னனான்."