எலிகளை நித்திரை கொள்ளவிடாத உத்தியோகம்

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் என்னுடைய வேலை, எலிகளை நித்திரை கொள்ளவிடாமல் பார்த்துக்கொள்வது. எலிக்குப் பகல்தான் படுக்கும் நேரம். அதனால் காலையிலேயே கூடுகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். கண்ணை மூடும் எலியின் முதுகைத் தூரிகையால் மெல்லத் தடவ வேண்டும். அது விழித்து என்னைப் பார்க்கும் பார்வையில் மரியாதை சிறிதும் இருக்காது. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற இரசாயனம் சேர்ந்துகொண்டே போகும். நித்திரையைக் கூட்டிவருவது அதுதான். அது எவ்வளவு சேர்கிறது என்று அளப்பதே எங்கள் ஆய்வு.

சித்தாண்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா முதலிலேயே சொல்லிவைத்தார்: "எலிக் கதைய எடுக்காத. கெம்பசில வேலை எண்டு மட்டும் சொல்லு."

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் தாதிய உத்தியோகத்தர். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். நான் தேநீர்த் தட்டோடு வந்தபோது கதிரையில் இருந்தபடியே அவருக்குக் கண் சொருகியது. நான் யோசிக்கவில்லை. கை தன்பாட்டில் நீண்டு, ஒரு விரலால் அவருடைய தோளைத் தடவியது. மனிதர் துள்ளி எழும்பினார். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்க, வேலைப் பழக்கம்," என்றேன். அதற்குப் பிறகு எலியை மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "தேத்தண்ணியக் குடிங்க. அடினோசின் குந்துற இடத்தில இது போய்க் குந்தும். நித்திர கொஞ்சம் தள்ளிப் போகும்."

அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

அவருடைய அப்பா வயல் செய்பவர். எலி என்றதும் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"புள்ள, நித்திர இல்லாட்டி எலி செத்திருமா?"

"உடன சாகாது ஐயா. முதல்ல வழமையவிடக் கூடத் தின்னும்."

அவருடைய முகம் தொங்கிப்போனது. "கிளி கலைக்க எண்டு நான் பகல் முழுக்க வரம்பில நிண்டு தகரம் அடிக்கிறன். எலி வளையெல்லாம் அந்த வரம்புக்குள்ளதானே இருக்கு!"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

கல்யாணம் முடிந்தது. மாமா தகரம் அடிப்பதை நிறுத்திவிட்டார். கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. எலிகளும் குறைந்ததாகத் தெரியவில்லை. வயல் வட்டையில் யாராவது காரணம் கேட்டால், "மருமகள்ட ஆராய்ச்சி," என்கிறாராம், மிகவும் பெருமையாக.