கரித்திருடன் என்று பிடித்து வைத்திருக்கிறார்

அத்திப்பட்டில் லாரியிலிருந்து சிதறிய நிலக்கரியில் இலை பதிந்த கல் ஒன்று கிடைத்தது. ரோட்டோரம் குந்தி, பழைய டூத் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து நிலக்கரிக் கிடங்கின் செக்யூரிட்டி அண்ணன் பிடித்துவிட்டார்.

"இன்னா நைனா, கரி திருடிக்கினு கீறியா?"

"கரி இல்லண்ணே, ஃபாசில். டைனோசருக்கும் முந்தின இலை."

என்னைத் தன் தகரக் கூண்டுக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார். உள்ளே அடுப்பு வெக்கை.

போலீசோடு வருவார் என்று பயந்தேன். சாப்பாட்டுப் பையோடு வந்தார். அதிலிருந்து நாலு கல்லை எடுத்து வைத்தார். நாலிலும் இலை.

"ரெண்டு வருசமா பொறுக்கி வெச்சிகீறேன். கேட்டா ஒருத்தனுக்கும் தெரில. பேர் சொல்லிட்டு நீ போய்க்கினே இரு."

மூன்றுக்குச் சொல்லிவிட்டேன். நாலாவது எனக்கும் தெரியவில்லை. அண்ணன் வாசலை மறித்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நாலாவது கல்லின் படம் கீழே. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், ரெண்டாவது டீ வந்துவிட்டது.