நடவுக்காரி ரஞ்சிதத்தின் மாதச் சம்பளம்

நாற்றுக்கட்டை அவிழ்ப்பதற்கு முன் ரஞ்சிதம் கால்விரல் இடுக்குகளில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொள்கிறாள், சேற்றுப்புண் வராமலிருக்க. சேலையைத் தூக்கிச் செருகி, புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு வரப்பை ஒட்டிய ஓரத்தில் இறங்குகிறாள். அந்த ஓரம் அவளுடையது. அவள் கை போகிற வேகத்துக்குத்தான் மற்ற ஒன்பது பெண்களும் நட வேண்டும். பத்துப் பேரும் குனிந்தபடி பின்பக்கமாகவே நகர்கிறார்கள். நட்டது கண்முன்னே நீள்கிறது. பின்னால் இருப்பது வெறும் சேறு, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வயது நாற்பத்திரண்டு. ஆர்.கே.பேட்டையிலிருந்து திருவாலங்காடு வரைக்கும் நடவு என்றால் அவள் போனுக்குத்தான் அழைப்பு வரும். ஏக்கருக்கு ஆறாயிரம். ஆளுக்கு அறுநூறு, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கையில். குறைத்துக் கேட்பவர்களிடம் அவள் கோபப்படுவதில்லை. "உன் கழனி, உன் நாத்து, நீயே நட்டுக்க நைனா" என்று சிரித்தபடி போனை வைத்துவிடுவாள். பத்து நிமிஷத்தில் அதே ஆள் மறுபடி கூப்பிடுவார்.

டீ வந்தால் உட்காராமல் நின்றபடியே குடிப்பாள். உட்கார்ந்துவிட்டால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் குனிந்தால் இடுப்பு நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் நடவுக்குப் போனாள்.

போன வாரம் கே.ஜி.கண்டிகைப் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் வீரபத்திரன் அவளை வேலைக்குக் கூப்பிட்டார். மாதம் பத்தாயிரம், பி.எஃப். உண்டு. ஒட்டுக் கட்டப் பழகினால் பதிமூன்று. ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்தால் பதினைந்து. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள்.

ரஞ்சிதம் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். நடவு வருஷத்துக்கு எண்பது நாள். மீதி நாளில் களையெடுப்பு, வேர்க்கடலை பிடுங்குவது, கூப்பிட்டால் முந்நூறு. எல்லாம் கூட்டினாலும் எண்பதாயிரம் தேறாது. நர்சரியில் ஒரு லட்சத்து இருபதாயிரம். போதாததற்கு, நடவு மிஷின் வேறு பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது. "இருபத்தாறு வருசமா நட்டுகினு இருக்கேன், இன்னும் நடவுக்காரிதான்" என்றாள். இத்தனையிலும் அவள் நம்ப மறுத்தது விடுமுறையைத்தான். "ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போய்ட்டு வந்தாலும் சம்பளமா?" என்று வீரபத்திரனை இரண்டு தடவை கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னார்கள். கன்றுப் பைகளை வரிசையாக அடுக்குவது வேலை. குனிந்து அடுக்க ஆரம்பித்தவள், கால் பழக்கத்தில் பின்பக்கமாகவே போனாள். அங்கே பின்னால் சேறு இல்லை, நேற்றுக் கட்டிய ஒட்டுக்கன்றுகள் இருந்தன. பதினொரு கன்றை மிதித்து உட்கார்ந்தே விட்டாள். "இன்னாம்மா, இது கழனி இல்ல, முன்னால பாத்து நட" என்று வீரபத்திரன் இன்னொரு ஆளோடு சேர்ந்து கைகொடுத்துத் தூக்கினார். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் பிடிக்கவில்லை. மறுநாள் இதைத் தன் ஆட்களிடம் அவளே நடித்துக் காட்டினாள். எல்லோரும் வரப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தேவகி மட்டும் சிரிக்கவில்லை. ரஞ்சிதத்துக்கு அடுத்த வரிசை அவளுடையது. கை சுத்தம், வாய் கிடையாது.

"எனக்கு நடத்தான் தெரியும், பேசத் தெரியாதுக்கா. நீ போய்ட்டா எவன் ஆறாயிரம் குடுப்பான்? நாலாயிரத்துக்கு இறக்கிடுவானுங்க."

"ஆங், நான் மட்டும் பேசிகினே பொறந்தனா?" என்றாள் ரஞ்சிதம். அடுத்த நாற்றுக்கட்டை அவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதம் வரப்பில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திருவாலங்காட்டு சிவப்பிரகாசம், புதன்கிழமையிலிருந்து மூன்று ஏக்கர் நட வேண்டுமாம். "இருங்க நைனா, பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி சேற்றில் இறங்கினாள். தேவகியின் இரண்டு கையிலும் நாற்று. ரஞ்சிதம் போனை அவள் காதில் வைத்துப் பிடித்தாள்.

"ஏக்கருக்கு... ஆறாயிரம்ங்க" என்றாள் தேவகி. மறுமுனையில் பேச்சு நீண்டது. ஐந்தாயிரம் என்பது ரஞ்சிதத்துக்கும் கேட்டது. தேவகி அவள் முகத்தைப் பார்த்தாள்.

ரஞ்சிதம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். போன் பிடித்த கை மட்டும் அசையாமல் அங்கேயே இருந்தது.